பயப்பட வேண்டியது கூரைக்கு அல்ல, ரம்பத்துக்கு!

எரியோடு!

பெயரிலேயே "எரி" இருக்கிறது. "ஓடு" இருக்கிறது. அந்தப் பெயர் எப்படி வந்தது என்பதை ஊர்ப் பெரியவர்கள்தான் சொல்ல வேண்டும். ஆனால் தீக்குப் பயந்து கூரையை மாற்றிய குடும்பங்கள் அந்த ஊரில் உண்டு. பக்கத்தில் உள்ள வேடசந்தூர், வடமதுரை, குஜிலியம்பாறைப் பக்கமும் உண்டு. தென்னங்கீற்று போயிற்று. சோளத்தட்டை போயிற்று. அலை அலையாக வளைந்த சாம்பல் நிற சிமெண்டு சீட் வந்தது.

"இனிமேல் தீப்பிடிக்காது. வருடா வருடம் கூரை வேய வேண்டாம்" என்று நிம்மதியாகப் படுத்தார்கள்.

இப்போது அந்தத் தூக்கம் கலைந்துவிட்டது!

"அந்தச் சீட்டில் கல்நார் இருக்கிறதாமே! அது புற்றுநோயைக் கொண்டு வருமாமே! பிள்ளைகள் அதற்குக் கீழேதானே படுத்து இருக்கிறார்கள்?"

இப்படிக் கவலைப்படும் ஒரு தாயை எண்ணிப் பாருங்கள். மகன் வெளிநாட்டில் வேலை பார்க்கிறான். அவன் அங்கே ஏதோ செய்தியைப் படிக்கிறான். உடனே போன் செய்கிறான்.

"அம்மா! அந்தக் கூரையை முதலில் பிடுங்கிப் போடுங்கள். பணம் அனுப்புகிறேன்!"

மறுநாள் காலையில் கொத்தனார் வருகிறார். கூடவே இரண்டு ஆட்கள். கையில் கடப்பாரை, சுத்தியல். கீழே பேரப்பிள்ளைகள் வேடிக்கை பார்க்கிறார்கள்.

நிறுத்துங்கள்! அந்த வீட்டில் இருபது ஆண்டுகளாக வராத ஆபத்து, அந்த ஒரு காலைப் பொழுதில் வரப் பார்க்கிறது!

மகனின் பயம் நியாயமானதுதான். ஆனால் அந்தப் பயம் விழ வேண்டிய இடத்தில் விழவில்லை.

கல்லில் ஒரு நார்

கல்நார் என்பது அருமையான தமிழ்ச் சொல். கல்லில் இருந்து நார் வருகிறது. பூமியில் சில வகைப் பாறைகளைப் பிளந்தால், உள்ளே பட்டு நூல் போல இழை இழையாக இருக்கும். இதைத்தான் ஆஸ்பெஸ்டாஸ் என்கிறார்கள். அது கிரேக்கச் சொல். "அணைக்க முடியாதது" என்று பொருள்.

இந்த நார் தீயில் எரியாது. அமிலத்துக்கும் எளிதில் அசையாது. நூலாக நூற்கலாம். துணியாக நெய்யலாம். சிமெண்டில் கலந்தால் மெல்லிய தகடுகூட உறுதியாக நிற்கும்.

ஆஸ்திரியா நாட்டில் லுட்விக் ஹாட்செக் என்பவர் 1901ஆம் ஆண்டில் சிமெண்டையும் கல்நாரையும் சேர்த்துத் தகடு செய்யும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அந்தத் தகட்டுக்கு "எட்டர்னிட்" என்று பெயர் வைத்தார். "என்றும் அழியாதது" என்ற கருத்தில் வைத்த பெயர்! உலகம் எங்கும் பரவியது. தமிழ்நாட்டிலும் போத்தனூரிலும் அரக்கோணத்திலும் தொழிற்சாலைகள் வந்தன. மில்கள், கிடங்குகள், கோழிப் பண்ணைகள், சினிமா கொட்டகைகள், பள்ளிக்கூடங்கள், பிறகு ஏழைகளின் வீடுகள் என்று அதன் ஆட்சி விரிந்தது.

அழியாதது என்று பெருமையாகச் சொன்னார்களே, அதுவேதான் அதன் தீமையும்! கல்நார் இழை தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியது. காற்றில் மிதக்கும். கண்ணுக்குத் தெரியாது. வாசனை கிடையாது. இருமல்கூட உடனே வராது. மூச்சோடு உள்ளே போய் நுரையீரலில் குத்திக் கொண்டால், உடம்பால் அதைக் கரைக்க முடியாது. அங்கேயே இருந்து மெல்ல மெல்லத் தன் வேலையைச் செய்யும். நோய் வெளியே தெரிய 20 ஆண்டு ஆகலாம். 40 ஆண்டும் ஆகலாம்!

நூல் நூற்ற பெண்

வேடசந்தூர் வட்டாரத்தில் நூல் மில்கள் அதிகம். பஞ்சுத் தூசி என்றால் என்ன என்று அங்கே உள்ள பெண்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியது இல்லை. அவர்களைப் போலவே இங்கிலாந்தில் ராக்டேல் என்ற ஊரில் ஒரு பெண் இருந்தாள். நெல்லி கெர்ஷா என்று பெயர். அவள் நூற்றது பஞ்சு அல்ல, கல்நார்.

சிறு பெண்ணாக மில்லுக்குள் போனாள். நுரையீரல் கெட்டது. வேலை செய்ய முடியாமல் போயிற்று. 1924ஆம் ஆண்டில், 33 வயதில் இறந்துபோனாள். அவளுடைய நுரையீரலைச் சோதித்த டாக்டர் குக் என்பவர், அங்கே கல்நார்த் துகள்கள் தங்கி இருப்பதைக் கண்டு அதே ஆண்டில் மருத்துவ இதழில் எழுதினார். மருத்துவ உலகம் விழித்துக் கொண்டது. அந்தக் குடும்பத்துக்கு நஷ்டஈடு கிடைத்ததா? ஒரு காசுகூடக் கிடைக்கவில்லை!

பிறகு 1960ஆம் ஆண்டில் தென் ஆப்பிரிக்காவில் இருந்து இன்னொரு செய்தி வந்தது. அங்கே நீலக் கல்நார்ச் சுரங்கங்கள் இருந்தன. நுரையீரலைச் சுற்றி உள்ள மெல்லிய உறையில் வரும் "மீசோதெலியோமா" என்ற கொடிய புற்றுநோய் 33 பேருக்கு இருப்பதை வாக்னர் என்ற டாக்டரும் அவருடைய கூட்டாளிகளும் கண்டார்கள். அந்த 33 பேரில் பலர் சுரங்கத்தில் வேலையே செய்யாதவர்கள். அந்த வட்டாரத்தில் குடி இருந்தவர்கள். பிள்ளைப் பருவத்தை அங்கே கழித்தவர்கள்!

கணவனின் வேலைச் சட்டையை உதறி உதறித் துவைத்ததால் நோய் வந்த மனைவிமாரும் பல நாடுகளில் உண்டு. கல்நார்த் தொழிலாளிக்கு மட்டும் அல்ல, அவன் வீட்டுக்கும் கூடவே வருகிறது என்பது அப்போதுதான் உலகுக்கு உறைத்தது.

இன்று இதில் சந்தேகமே கிடையாது. வெள்ளை, பழுப்பு, நீலம் என்று எந்த வகைக் கல்நாரும் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. வேலை இடத்தில் கல்நாரைச் சுவாசித்ததால் ஆண்டுக்கு 2 லட்சத்துக்கும் அதிகமானோர் சாகிறார்கள் என்பது அந்த நிறுவனத்தின் மதிப்பீடு. 50க்கும் மேற்பட்ட நாடுகள் கல்நாரைத் தடை செய்துவிட்டன.

பரணில் தூவிய பஞ்சு

அப்படியானால் மகன் சொன்னது சரிதானே? கூரையைப் பிடுங்க வேண்டியதுதானே?

அவன் படித்த செய்தி எதைப் பற்றியது என்று பார்க்க வேண்டும். குளிர் நாடுகளில் வீட்டின் கூரைக்குக் கீழே பரண் போல ஓர் இடம் இருக்கும். வீட்டுச் சூடு வெளியே போகாமல் இருக்க அந்தப் பரணில் பஞ்சு போன்ற பொருளைப் பரப்புவார்கள். ஆஸ்திரேலியாவின் தலைநகரமான கான்பராவில் 1968ஆம் ஆண்டு முதல் சுமார் பத்து ஆண்டு காலம், ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளின் பரணில் கல்நாரையே பஞ்சு போலத் தூவிவிட்டார்கள்! சிமெண்டும் இல்லை, பசையும் இல்லை; வெறும் இழை. அது சுவர் இடுக்கு வழியாக வீட்டுக்குள் இறங்கியது. எவ்வளவோ செலவு செய்து ஒரு முறை சுத்தம் செய்தும் போகவில்லை. கடைசியில் 2014ஆம் ஆண்டில் அரசாங்கமே அந்த வீடுகளை விலைக்கு வாங்கி இடித்துத் தள்ள முடிவு செய்தது.

எரியோட்டு வீட்டில் இருப்பது அது அல்ல. அந்தப் பக்கத்துப் பரணில் இருப்பவை அண்டா குண்டாவும் பழைய பாயும்தான்!

சிமெண்டு சீட்டில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான் கல்நார். மீதி சிமெண்டு. இழையைச் சிமெண்டு இறுக்கிப் பிடித்து இருக்கிறது. சீட் முழுசாக, விரிசல் இல்லாமல், யாரும் தொடாமல் இருக்கும் வரை இழை வெளியே வருவது மிகவும் குறைவு. "இவ்வளவு சுவாசித்தால் ஒன்றும் ஆகாது" என்று அளவு கோடு போட்டுக் கொடுக்க எந்த டாக்டராலும் முடியாது என்பது உண்மை. ஆனால் எவ்வளவு தூசி, எத்தனை நாள் என்பதைப் பொறுத்தே ஆபத்து ஏறுகிறது என்பதும் உண்மை. நல்ல கூரைக்குக் கீழே படுத்து உறங்கும் குழந்தைக்காக ஒரு தாய் இரவெல்லாம் விழித்து இருக்க வேண்டியது இல்லை.

சிறைக்குள் இருக்கும் திருடனைப் பார்த்து நடுங்குவானேன்? கதவை உடைத்து அவனை வெளியே விடுகிறவன் யார் என்று பார்க்க வேண்டாமா?

கதவை உடைப்பவர்கள்

கதவை உடைப்பது ரம்பம்! கட்டிங் மெஷின்! துளை போடும் மெஷின்!

சீட் நீளமாக இருக்கிறது என்று வாசலில் வைத்து மெஷினால் அறுப்பார்கள். வெண்புகை போலத் தூசி கிளம்பும். அறுப்பவர் மூக்கில் ஒரு துண்டைக் கட்டி இருப்பார். அந்தத் துண்டின் கண்ணுக்குள் கல்நார் இழை தாராளமாகப் புகுந்து போகும். கொக்கி போல்ட்டு மாட்ட ஓட்டை போடும்போதும் இதே கதைதான். அறுத்த தூசியை அந்த வீட்டுப் பெண் வறட்டு விளக்குமாற்றால் கூட்டுவாள். அடுத்தது அவள் மூச்சு!

இன்னொரு சங்கதி. கத்தரி வெயிலில் சீட் வீட்டுக்குள் மனிதர் இருக்க முடியாது. அதனால் கோடைக்கு முன் கூரைமேல் சுண்ணாம்பு அடிப்பது உண்டு. சுண்ணாம்பு அடிப்பது நல்லதே, சூடு குறையும். ஆனால் அதற்கு முன்னால் பாசியையும் அழுக்கையும் கம்பி பிரஷ் போட்டு "வறட் வறட்" என்று தேய்ப்பார்கள். அங்கேதான் வினை! வெயிலிலும் மழையிலும் பல ஆண்டு கிடந்த சீட்டின் மேல்தோல் ஏற்கனவே பொரிந்து இருக்கும். அதைத் தேய்த்தால் இழை பறக்காமல் என்ன செய்யும்? தேய்க்காமல், தண்ணீர் தெளித்து நனைத்து, மேலே சுண்ணாம்பையோ பெயிண்டையோ பூசிவிட்டால் போதும்.

பூசுவதற்குக் கூரைமேல் ஏறுகிறவர் சட்டத்தின்மேல் பலகை போட்டு அதில் கால் வைக்க வேண்டும். சீட்டின் நடுவில் கால் வைத்தால் ஒடியும். கல்நார் முப்பது ஆண்டு கழித்துச் செய்யும் வேலையை, ஒடிந்த சீட் ஒரு நொடியில் செய்துவிடும்!

பிறகு காற்று. 2018 நவம்பர் 16ஆம் தேதி கஜா புயல் வேதாரண்யம் அருகே கரை ஏறி, திண்டுக்கல் மாவட்டம் வழியாகவும் போயிற்று. அப்படி ஒரு புயல் அடித்தால் சீட்டுகள் பறந்து நொறுங்கும். நொறுங்கிய துண்டுகளை என்ன செய்கிறோம்? பள்ளத்தில் கொட்டி நிரவுகிறோம். குளத்துக் கரையில் எறிகிறோம். ஆட்டுக் கொட்டிலுக்கு மறைப்பாகச் செருகுகிறோம். பிள்ளைகள் அதை எடுத்துத் தரையில் தேய்த்துக் கோடு போட்டுப் பாண்டி ஆடுகிறார்கள்! ஒழுங்காக நிற்கும் கூரைக்குப் பயப்படும் நாம், இதைப் பார்த்துப் பயப்படுவது இல்லை. வேடிக்கைதான்!

தீக்குப் பயந்தது தப்பா?

"அப்படி என்றால் இந்தச் சனியனை ஏன் வாங்கிப் போட்டார்கள்?" என்று கேட்பவர்கள் கும்பகோணத்தை நினைத்துப் பார்க்க வேண்டும்.

2004 ஜூலை 16ஆம் தேதி. கும்பகோணத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் தீப்பிடித்தது. கீற்றுக் கூரை. 94 குழந்தைகள் மாண்டு போனார்கள். நாடே அழுதது. பள்ளிக்கூடங்களில் கீற்றுக் கூரை கூடாது என்று உத்தரவு வந்தது. குடிசையில் இருந்தவர்களும் தங்கள் பிள்ளைகளைப் பார்த்தார்கள். தலைக்கு மேலே இருந்த கீற்றையும் பார்த்தார்கள். கையில் இருந்த காசுக்கு ஓடு வராது, கான்கிரீட் வராது. சீட் வந்தது. கடையில் பகிரங்கமாக விற்ற பொருள். அதைச் சட்டம் தடுக்கவில்லை. அந்த ஏழையைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

குறை சொல்ல வேண்டிய இடம் வேறு.

இந்தியாவிலும் கல்நார்ச் சுரங்கம் உண்டு. ஆந்திராவில் கடப்பைப் பக்கமும், ராஜஸ்தானிலும் தோண்டினார்கள். தொழிலாளர்களின் நுரையீரல் கெடுகிறது என்று தெரிந்ததும், 1986ஆம் ஆண்டில் புதிய குத்தகை கொடுப்பதை அரசாங்கம் நிறுத்தியது. 1993ஆம் ஆண்டில் பழைய குத்தகையைப் புதுப்பிப்பதையும் நிறுத்தியது. சரியான காரியம்! ஆனால் ரஷ்யா போன்ற நாடுகளில் இருந்து கப்பல் கப்பலாக வாங்குவது மட்டும் நிற்கவில்லை. இங்கே தோண்டினால் விஷம். அங்கே தோண்டி இங்கே இறக்கினால் வியாபாரமா?

கனடாவைப் பாருங்கள். அங்கே கியூபெக் மாநிலத்தில் ஓர் ஊருக்கே "ஆஸ்பெஸ்டாஸ்" என்று பெயர். பெரிய சுரங்கம். தன் நாட்டுக் கட்டிடங்களில் இருந்து கல்நாரைச் சுரண்டி எடுத்துக் கொண்டே, பல ஆண்டு காலம் இந்தியாவுக்கு விற்றது அந்த நாடு. பிறகு சுரங்கங்கள் மூடின. 2018ஆம் ஆண்டில் கனடா கல்நாரைத் தடை செய்தது. 2020ஆம் ஆண்டில் அந்த ஊர் மக்கள் ஓட்டுப் போட்டு ஊர்ப் பெயரையே மாற்றிக் கொண்டார்கள்!

இலங்கையின் கதை இன்னும் விசித்திரமானது. 2018 ஜனவரி முதல் கல்நார் இறக்குமதியை நிறுத்துவதாக அந்த நாடு சொன்னது. 2017 டிசம்பரில் ரஷ்யா, "உங்கள் தேயிலை மூட்டையில் ஒரு வண்டு இருந்தது" என்று சொல்லி இலங்கைத் தேயிலையை வாங்குவதை நிறுத்திவிட்டது. தேயிலை போனால் மலையகத் தமிழ்த் தொழிலாளர்களின் அடுப்பில் பூனை தூங்கும். கல்நார்த் தடையை இலங்கை தள்ளிப் போட்டது. வண்டும் மறைந்தது. தேயிலையும் போகத் தொடங்கியது! ஒரு வண்டுக்கு இத்தனை பலமா?

கோர்ட்டு சொன்னது

1995 ஜனவரி 27ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு ஒரு நல்ல தீர்ப்பு சொன்னது. கல்நார் நோய் வந்த தொழிலாளிக்கு ஒரு லட்சம் ரூபாய் நஷ்டஈடு. தொழிலாளியின் உடல்நலக் குறிப்பை 40 ஆண்டு வைத்து இருக்க வேண்டும் என்று உத்தரவு இட்டது. நோய் அத்தனை காலம் கழித்து வருகிறதே, அதற்காக! ஆனால் கல்நாருக்கு முழுத் தடை கேட்டுப் பிறகு போட்ட வழக்கில், 2011ஆம் ஆண்டில் தடை விதிக்க மறுத்துவிட்டது.

1995 தீர்ப்பு சுரங்கத்திலும் தொழிற்சாலையிலும் உள்ளவர்களை மனத்தில் வைத்துச் சொன்னது. அவர்களுக்கு வருகைப் பதிவு உண்டு. இன்ஷூரன்ஸ் உண்டு. எரியோட்டில் கூரைமேல் உட்கார்ந்து சீட் அறுக்கும் கொத்தனாருக்கு எந்தப் பதிவு உண்டு? இன்று ஒரு ஊர், நாளை ஒரு ஊர். அறுபது வயதில் அவருக்கு மூச்சு வாங்கினால் "பீடி குடித்திருப்பான்" என்று சொல்லி முடித்துவிடுவார்கள். பீடியும் கல்நாரும் சேர்ந்தால் நுரையீரல் புற்றுநோய் பல மடங்கு பாயும் என்பதை அவருக்கு யாரும் சொல்லி இருக்க மாட்டார்கள்.

குடிசை வாழ்வோருக்குக் கான்கிரீட் வீடு கட்டித் தர 2024ஆம் ஆண்டில் தமிழக அரசு "கலைஞரின் கனவு இல்லம்" திட்டத்தை அறிவித்தது. வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய். நல்ல திட்டம். ஆனால் தீக்குப் பயந்து கடன் வாங்கிச் சீட் போட்டவன் குடிசைக் கணக்கில் வர மாட்டான். அவன் முந்திக் கொண்டது குற்றமா? பழைய, பொரிந்துபோன கல்நார்க் கூரையை மாற்றவும் அரசாங்கம் கை கொடுக்க வேண்டும். பள்ளிக்கூடம், அங்கன்வாடி, ரேஷன் கடை இவற்றில் இருந்து தொடங்கலாம். புதிதாகக் கல்நார் சீட் விற்பதை நிறுத்த வேண்டும். ஓடு இருக்கிறது. கல்நார் கலக்காத சிமெண்டு சீட் இருக்கிறது. தகரத்தில் சூடு தாங்கும் வகையும் இருக்கிறது. விலைதான் கொஞ்சம் கூட. அந்தக் "கொஞ்சத்தை" ஏழையின் தலையில் போடக் கூடாது.

அந்தத் தாய் என்ன செய்ய வேண்டும்?

கடப்பாரையோடு வந்த கொத்தனாருக்கு ஒரு டம்ளர் மோர் கொடுத்து உட்கார வைக்கலாம். கூரை முழுசாக இருக்கிறதா? அப்படியே இருக்கட்டும். மகன் அனுப்பும் பணம் சேரட்டும். ஒரேயடியாக நல்ல கூரை போடும் நாளில் கழற்றலாம்.

ஓரிடத்தில் உடைந்து இருக்கிறதா? பிள்ளைகளை உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, சீட்டைத் தண்ணீரால் நன்றாக நனைத்து, போல்ட்டைக் கழற்றி, முழுசாக இறக்க வேண்டும். மேலே இருந்து வீசி எறியக் கூடாது. நுண்ணிய தூசியைத் தடுக்கும் முகமூடி இல்லாமல் கொத்தனாரை ஏற்றக் கூடாது. அதன் விலையைக் கூலியில் பிடிக்கவும் கூடாது. விழுந்த துகளை ஈரத் துணியால் துடைத்து அந்தத் துணியையும் சேர்த்துக் கட்டிவிட வேண்டும். வேலை முடிந்ததும் கொத்தனார் அங்கேயே குளித்து, சட்டையை உதறாமல் தண்ணீரில் முக்கிய பிறகே வீட்டுக்குப் போக வேண்டும். அவர் வீட்டிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

உடைந்த துண்டுகளைக் கெட்டியான பிளாஸ்டிக் தாளில் சுற்றி, உரச் சாக்கில் போட்டு, வாயைக் கட்டி, ஆடும் பிள்ளைகளும் போகாத மூலையில் வைக்கலாம்.

அங்கிருந்து அந்த மூட்டை எங்கே போக வேண்டும்? குப்பைமேட்டுக்கா? குளத்துக் கரைக்கா? அதைப் புதைக்க ஓர் இடமும், எடுத்துப் போக ஒரு வண்டியும் காட்ட வேண்டியது அந்தத் தாய் அல்ல. பேரூராட்சியும், மாவட்ட ஆட்சியர் அலுவலகமும், மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும்தான்!